அந்த ஒரு வரிக்குப் பின்னால்

2009இல் திண்டுக்கல் நண்பர்கள் சிலர் விவசாயிகளுக்காக ஓர் இணைய மன்றம் நடத்தினார்கள். கம்ப்யூட்டர் வேலை என் பொறுப்பு. “ஒட்டன்சத்திரம் மார்க்கெட் விலையை தினம் காலைல தானா ஒரு பதிவா ஏத்த முடியுமா தம்பி?” என்று மூத்தவர் கேட்டார். “ஒரு மணி நேர வேலைண்ணே” என்றேன்.

மன்றம் ஓடியது பிஎச்பிபிபி என்ற மென்பொருளில். பிஎச்பி மொழியில் எழுதப்பட்டு, 2000 முதல் இலவசமாகக் கிடைப்பது. யாரும் பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம். பதிவுகள் தரவுத்தளத்தின் எந்த டேபிளில் சேர்கின்றன என்று பார்த்து, அதில் நேரடியாக வரி சேர்க்கும் நிரலை எழுதிவிட்டேன்.

மறுநாள் விலைப்பட்டியல் அதற்கான திரியில், அதாவது ஒரே தலைப்பில் தொடரும் பதிவு வரிசையில், இருந்தது. ஆனால் முகப்பில் கடைசிப் பதிவாக முந்தைய நாளுடையதே நின்றது. எண்ணிக்கை கூடவில்லை. தேடினாலும் அகப்படவில்லை.

காரணம், ஒரு பதிவு விழும்போது பல டேபிள்கள் சேர்ந்து அசைய வேண்டும். திரியின் கணக்கு, பிரிவின் கணக்கு, எழுதியவரின் கணக்கு மாற வேண்டும். உரையிலுள்ள சொற்கள் தனித்தனியாகத் தேடல் பட்டியலில் ஏற வேண்டும். இத்தனையையும் செய்யும் ஃபங்ஷன் அந்த மென்பொருளிலேயே இருந்தது. பெயர் ‘சப்மிட்_போஸ்ட்’. நாம் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தும்போது ஓடுவதும் அதுதான். புதுப் பதிவா பதிலா, தலைப்பு என்ன, எந்தப் பிரிவு, உரை என்ன என்று கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். என் நிரலை அழித்துவிட்டு அதை அழைத்தேன். எல்லாக் கணக்கும் சரியாக வந்தது.

அந்த ஃபங்ஷனை நகலெடுத்து என் ஃபைலில் ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு வேலை நடந்திருக்கும். ஆனால் மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் என் நகலில் அது திருந்தாது. இருந்த இடத்திலேயே வைத்து அழைத்தால் திருத்தமும் சேர்ந்து வரும்.

மென்பொருளின் போக்கையே மாற்ற வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ‘மாட்’ என்பார்கள். ‘இந்த ஃபைலைத் திற, இந்த வரியைத் தேடு, அதன் கீழ் இதைச் சேர்’ என்று குறிப்பு இருக்கும். மூல ஃபைலிலேயே கை வைப்போம். அடுத்த பதிப்பை ஏற்றினால் சேர்த்த வரிகளை மறுபடி சேர்க்க வேண்டும். 2014இல் வந்த பிஎச்பிபிபி 3.1 பதிப்பு இந்தத் தொல்லை தீர வழி செய்தது. குறிப்பிட்ட இடங்களில் மென்பொருளே குரல் கொடுக்கும். நம் நிரல் தனி ஃபைலில் இருந்தபடி அதற்குப் பதில் சொல்லும்.

இதே போல, பிறர் எழுதிய பிஎச்பி நிரலை நகலெடுத்து ஒட்டாமல் நம் வேலைக்குள் கொண்டுவரும் ‘கம்போசர்’ 2012இல் வெளியானது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான நில்ஸ் அடர்மன், பிஎச்பிபிபி குழுவில் உழைத்தவர்.

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரே பயிற்சிதான். அனுப்பு பொத்தானில் தொடங்கு. அது எந்த ஃபைலுக்குப் போகிறது, அங்கே எந்த ஃபங்ஷனை அழைக்கிறது என்று வரிவரியாகத் தொடர்ந்து போ. டேபிள் வரை போய்ச் சேர்ந்த பிறகு, எழுத என்ன மிச்சம் இருக்கிறது என்று வந்து சொல்.