பாலக்கோட்டில் இறங்கிப் பார்த்தால்

தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிறவர்கள் பாலக்கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாலுகா தலைநகர், பேரூராட்சி, சேலம் - பெங்களூரு ரயில் பாதையில் ஒரு நிலையம். இவ்வளவுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒகேனக்கல்லுக்குப் போகும் குடும்பங்களும் பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும் இங்கே டீ குடிப்பதற்கு மேல் நிற்பதில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த ஊரின் தண்ணீர்க் கணக்கு. தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவன நகரமான பீனிக்ஸில் பெய்வது இதில் கால் பங்குகூட இல்லை. அப்படியும் இது வறண்ட மாவட்டம் என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறது. மழை சில மாதங்களில் பெய்து முடிந்துவிடும். மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை, விழுந்த நீரைத் தேக்கி வைக்க இடம் குறைவு. ஆழ்துளைக் கிணற்றில் வரும் நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்துப் பல்லில் கறையும் மூட்டில் வலியுமாக இங்கே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் குழாயில் வந்தது. குடிக்கத்தான் அந்த நீர். விவசாயத்துக்கு இன்றும் கிணறு, போர், ஏரி, சின்னாறுதான். குறைந்த தண்ணீரில் சீக்கிரம் காசாகும் பயிர் எது என்பதே இங்குள்ள விவசாயியின் முதல் கேள்வி. பாலக்கோட்டின் வியாபாரம் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் பெரியது தக்காளி. குழித்தட்டில் வளர்த்த நாற்றை வாங்கி நட்டு, சொட்டுநீர் போட்டு, குச்சி ஊன்றிக் கட்டினால் அறுபது, எழுபது நாளில் பறிப்பு தொடங்கிவிடும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக்கொண்டே இருக்கலாம். மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி சுற்றுவட்டாரத்திலிருந்து டெம்போக்களில் பிளாஸ்டிக் கிரேடுகள் பாலக்கோடு மண்டிகளுக்கு வந்து இறங்கும். நன்றாகப் பழுத்தவை பக்கத்து ஊர்களுக்கு. தூரத்து லோடுக்குச் செங்காய். நடுவழியில் அது பழுத்துக்கொள்ளும். மண்டியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தே கேட்கும், எல்லைப்புற ஊர் என்பதால்.

விலை இங்கே தீர்மானமாவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தின் கோலார், ஆந்திராவின் மதனப்பள்ளி ஆகியவை தக்காளிக்குப் பெரிய சந்தைகள். அங்கே வரத்து குவிந்தால் இங்கே விலை சரியும். அங்கே மழையில் செடி அழிந்தால் இங்கே ஏறும். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளிலேயே தக்காளி விற்றது. வேறு பருவங்களில் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் செடியோடு விட்டு மாட்டை மேயவிடுகிறார்கள். தக்காளி காத்திருக்காது. விற்க வேண்டிய நாளில் விற்றே ஆக வேண்டும்.

"இவ்வளவு விளைகிறதே, ஒரு சாஸ் ஃபேக்டரி வைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் மண்டிக்கு வருவது லாரியில் நசுங்காத, தோல் தடித்த வீரிய ரகம். அதில் நீர்போகத் திடப்பொருள் நூற்றுக்கு நான்கைந்து பங்குதான். கெட்டியான தக்காளி விழுது ஒரு கிலோ எடுக்க ஆறு கிலோ பழமாவது வேண்டும். விலை ஏறிய மாதங்களில் ஆலைக்குப் பழம் கிடைக்காது, விழுந்த மாதங்களில் மட்டும் ஆலை ஓடிக் கட்டுப்படியாகாது. ஆலைக்கென்றே தனி ரகமும் முன்கூட்டிப் பேசிய விலையும் இருந்தால்தான் இது நடக்கும். இந்த ஊருக்கு அரசு செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்பது என் கருத்து.

கரும்பு இன்னொரு கதை. பாலக்கோடு அருகே திம்மனஹள்ளியில் தருமபுரி மாவட்டக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அதற்குப் போகாத கரும்பு, கிராமத்து வெல்ல ஆலைகளுக்குப் போகிறது. வெளியூர்க்காரர் பார்த்தே ஆக வேண்டிய தொழில் இது. வெட்டிய கரும்பை நாள் கடத்தாமல் பிழிந்தாக வேண்டும், கடத்தினால் இனிப்பு குறைந்து வெல்லம் கட்டியாகாது. சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். எரிக்கக் காய்ந்த கரும்புச் சக்கை. சுண்ணாம்பு நீர் சேர்த்ததும் அழுக்கு நுரையாக மேலே வரும், அதை அள்ளி எறிந்துகொண்டே இருப்பார்கள். பாகின் பதத்தை அனுபவம் உள்ள கை ஒன்றுதான் அறியும். ஒரு நிமிடம் முந்தினால் இளகும், பிந்தினால் கருகும். நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ வெல்லம் என்பது தோராயக் கணக்கு. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கொட்டகைகளில் ராத்திரியும் அடுப்பு எரியும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பளபளவென்று வெளிர்மஞ்சளாக இருக்கும் வெல்லம் நல்ல வெல்லம் அல்ல. அந்த நிறத்துக்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைக் கலக்கிறார்கள், சிலர் சர்க்கரையையே கொட்டிக் காய்ச்சுகிறார்கள். தமிழ்நாடு முழுவதும் உணவுப் பாதுகாப்புத் துறை இதைத்தான் பிடித்து அழித்து வருகிறது. மங்கிய பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். நிறம் பார்த்து வாங்கும் நகரத்து ஆசைதான் இந்தக் கலப்படத்துக்குக் காரணம். நாம் மாறினால் ஆலைக்காரரும் மாறுவார்.

பட்டுப்பூச்சி வளர்ப்பும் இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கொஞ்ச நிலத்தில் மல்பெரி, ஒரு வளர்ப்பு மனை, வீட்டு ஆட்களின் உழைப்பு. ஏறத்தாழ இருபத்தைந்து நாள் தழை தின்று நான்கு முறை தோல் உரித்த புழு கூடு கட்டும். அந்தக் கூட்டை ஒரு வாரத்துக்குள் விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்து நூல் அறுந்துபோகும். தருமபுரியில் அரசின் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. வெள்ளைக் கூடுகள் குவியல் குவியலாக ஏலம் போவதை அங்கே பார்க்கலாம். மாம்பழம், கிருஷ்ணகிரியைப் போலவே இங்கும் உண்டு. கோடையில் புளி. உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கும் கூலி வேலை முழுக்கப் பெண்களுடையது.

இனி சுற்றுவட்டாரம். மாரண்டஹள்ளிக்கு அப்பால் சின்னாற்றின் குறுக்கே பஞ்சப்பள்ளி அணை. நீர் நிறைந்த மாதங்களில் மலையும் அணையும் சேர்ந்து அழகான இடம். ஆனால் அது யானைகளின் வழித்தடத்தை ஒட்டியது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன, 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. பயிரைக் காப்பாற்ற நினைக்கும் விவசாயியும் பசியோடு வரும் யானையும் ஒரே நிலத்தில் நிற்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும்.

பாப்பாரப்பட்டிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்பேன். ஆங்கிலேயர் சிறையில் தொழுநோய் பெற்று வெளியே வந்த சுப்பிரமணிய சிவா, பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப அங்கே நிலம் வாங்கிப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். 1923இல் அடிக்கல் நாட்டியவர் சித்தரஞ்சன் தாஸ். ஆலயம் எழுவதற்கு முன்பே, 1925 ஜூலை 23 அன்று சிவா அங்கேயே காலமானார். அவருடைய நினைவிடமும், பின்னாளில் அரசு கட்டிய பாரதமாதா நினைவாலயமும் இருக்கின்றன. ஒகேனக்கல் போகிறவர்கள் பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழியாகவே போகலாம், வழி மாற வேண்டியதில்லை.

ஓசூர் திசையில் ராயக்கோட்டை. 1791இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிப் படை பிடித்த மலைக்கோட்டை. காலையில் ஏறுவது நல்லது. தருமபுரித் திசையில் அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் இருக்கும் பழைய ஓவியங்களையும் நிமிர்ந்து பாருங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்டு இறந்தவர்களுக்கு நட்ட கல் இவ்வளவு கிடைத்த மாவட்டம் தமிழகத்தில் அரிது.

இப்போது சாலைக்கு வருகிறேன். ஜிட்டாண்டஹள்ளி - தருமபுரி இடையிலான நான்குவழிச் சாலையைப் பிரதமர் 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். தேசிய நெடுஞ்சாலை 844இன் ஒரு பகுதி அது. நேரம் மிச்சம், விபத்து குறைவு, வரவேற்க வேண்டியதே. ஆனால் விரைவுச் சாலை வந்த சிற்றூர்களுக்கு ஒரு கவலையும் சேர்ந்தே வரும். அமெரிக்காவின் அரிசோனாவில் செலிக்மன் என்ற சின்ன ஊர், 66ஆம் எண் பழைய சாலையில் போகிறவர்களை நம்பியே பிழைத்தது. 1978இல் புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனதும் கடைகள் வெறிச்சோடின. அவ்வூர் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடில்லோ சும்மா இருக்கவில்லை. 1987இல் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார், அரசிடம் வாதாடிப் பழைய சாலைக்கு வரலாற்றுச் சாலை என்ற அங்கீகாரம் வாங்கினார். இன்று உலகெங்கிலுமிருந்து அந்தச் சாலையைப் பார்க்கவே வருகிறார்கள்.

செலிக்மனைவிடப் பாலக்கோட்டுக்கு ஒரு வலு உண்டு. வழிப்போக்கர் வராவிட்டாலும் மண்டியும் கொப்பரையும் ஓடும். அதனால் இங்கே செயற்கை நீரூற்றோ பொம்மைப் பூங்காவோ தேவையில்லை. நெடுஞ்சாலைப் பிரிவில் பஞ்சப்பள்ளிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் தெளிவான வழிகாட்டிப் பலகை, பேருந்து நிலையத்தில் பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, வெல்ல ஆலைக்காரர்களும் மகளிர் குழுக்களும் வெல்லம், புளி, ராகி மாவு விற்க ஒரு பொதுக் கடை. இவற்றைச் செய்யப் பேரூராட்சியும் சுற்றுலாத் துறையும் சேர்ந்தால் போதும்.

வருகிறவர்களுக்கு: மண்டி பார்க்கக் காலையில் வாருங்கள், லாரிக்காரர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள், பேரம் நடக்கும்போது குறுக்கே பேச வேண்டாம். வெல்லம் காய்ச்சுவதைப் பார்க்க மார்கழி, புளிக்கு மாசி - பங்குனி, மாம்பழத்துக்குச் சித்திரை முதல் ஆனி வரை. மதியம் ராகிக் களியும் கீரைக் கடைசலும் எந்தக் கடையில் கிடைக்கும் என்று உள்ளூர்க்காரரிடமே கேளுங்கள். ஒகேனக்கல்லுக்கும் சேர்த்துத் திட்டமிட்டால், காவிரியில் நீர்வரத்து கூடும் நாட்களில் பரிசல் ஓட்ட மாவட்ட நிர்வாகம் தடை போடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.