புண் ஆறிய பின்னும் ஆறாத கவலை



நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஒரு நாள் பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் வகுப்பு வாசலிலேயே நின்றாள். அவள் தாயாருக்கு வயிற்றில் இருந்த கட்டியை அறுத்தெடுத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

"சார், அம்மாவுக்கு நோய் திரும்ப வருமான்னு கேட்டதுக்கு, உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். டாக்டருக்கே தெரியாதா சார்?" என்று கேட்டாள்.

அன்று நம்மிடம் விடை இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தோம். பிறகு அவள் பெற்றோருடன் மருத்துவமனைக்கும் ஒரு முறை போய் வந்தோம். அங்கு அறிந்ததையே இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

அந்தத் தாயாருக்கு வந்தது அபூர்வமான புற்றுநோய். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'ஜிஸ்ட்' என்பார்கள். நாம் உண்ட உணவைத் தள்ளிச் செல்ல இரைப்பையும் குடலும் அசைய வேண்டும் அல்லவா? அந்த அசைவுக்குத் தாளம் போடும் உயிரணுக்களின் இனத்திலிருந்து கிளம்பும் கட்டி இது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 பேருக்கே வருகிறது. பாதிக்கு மேல் இரைப்பையில்தான் தோன்றும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. யாருடைய பாவத்தாலும் வருவதில்லை.

சரி, கட்டியை முழுதாக எடுத்த பின்னும் மருத்துவர் ஏன் தயங்குகிறார்? வேலைக்காட்டில் லாலாங் புல்லை அழித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே ஒரு புல்கூடத் தெரியாது. ஆனால் மண்ணுக்குள் ஒரு துண்டு வேர் மிஞ்சியதா இல்லையா என்பதை யார் கண்டது? அதனால்தான் சில வாரம் கழித்து மீண்டும் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கிறோம். உடம்பிலும் அப்படித்தான். ஸ்கேன் படத்தில் தெரியாத அளவுக்கு நுண்ணிய உயிரணுக்கள் எங்காவது தங்கியிருக்கலாம், தங்காமலும் இருக்கலாம்.

ஆகவே மருத்துவர்கள் கட்டியின் அளவு, அது இருந்த இடம், அதன் உயிரணுக்கள் பெருகும் வேகம், அது உடைந்து சிந்தியதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று வகுக்கிறார்கள். ஆபத்து அதிகமானால் முதல் சில ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கிறார்கள். அது லாலாங் சுற்றைப் போன்றது.

இந்தக் கட்டியைத் தூண்டும் பழுது இன்னதென்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998-இல் கண்டறிந்தார்கள். அந்தத் தூண்டுதலை அடக்கும் 'இமாட்டினிப்' என்ற மாத்திரை 2002-இல் இந்நோய்க்கு அனுமதி பெற்றது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் ஆபத்து அதிகமாக இருந்த 400 பேரில் ஒரு பாதியினர் ஓராண்டும், மறு பாதியினர் மூன்றாண்டும் அதை உட்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளின் முடிவில் உயிரோடு இருந்தோர், ஓராண்டு உட்கொண்டவர்களில் 100-க்குச் சுமார் 82 பேர். மூன்றாண்டு உட்கொண்டவர்களில் 92 பேர்.

இந்தக் கணக்கு நல்ல செய்தி. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அது நூறு பேரைப் பற்றிச் சொல்கிறது. அந்த நூறு பேரில் நம் வீட்டவர் எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. மருத்துவர் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்றது அறியாமையால் அல்ல. பொய் சொல்ல விரும்பாததால்தான்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, பெரிய குவளைத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு வரக்கூடும். அவற்றுக்குப் பயந்து தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து எதையும் அவரிடம் கேளாமல் சேர்க்கக் கூடாது. இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவது நல்லது.

வேலையைப் பற்றிய கவலையும் உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலை செய்த காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. 2023 முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. எம்.சி. சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்யவே இயலாமற் போனால், சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.

இவை எல்லாம் செய்தாலும், ஸ்கேன் நாள் நெருங்கும்போது தூக்கம் வராது. "சோறு இறங்க மாட்டேங்குது சார், இவரு ஒன்னும் பேசவும் மாட்டேங்குறாரு" என்றார் அந்தத் தாயார். கணவர் தலை குனிந்திருந்தார். பேசினால் மனைவி பயந்து விடுவாரோ என்று அவரும், அழுதால் கணவர் உடைந்து போவாரோ என்று இவரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்திருக்கிறார்கள். இடையில் பிள்ளை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். அன்று மூவரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். அடுத்த ஸ்கேனுக்குக் கணவரும் உடன் போவதென்று முடிவாயிற்று.

அண்டை வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்னாருக்கு இப்படித்தான் வந்து..." என்று கதை சொல்ல வேண்டாம். "ஒன்னும் ஆகாது" என்று வாய்க்கு வந்த உறுதியும் வேண்டாம். ஒரு வேளைக் கஞ்சி கொடுங்கள். ஸ்கேன் அன்று பிள்ளையைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

மறுவாரம் அந்தச் சிறுமியிடம் சொன்னோம்: "நாளைக்கு மழை வருமா என்று உன் அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"இருந்தும் ராத்திரியே உளியைத் தீட்டி வைக்கிறார் அல்லவா? மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. பெய்யாவிட்டால் மரத்துக்குப் போகிறார். மழையை நினைத்து உளியைத் தீட்டாமல் விடுவதில்லை. அம்மா மாத்திரை சாப்பிடுவதும் ஸ்கேனுக்குப் போவதும் அப்படித்தான். நோய் திரும்பினாலும் செய்வதற்குச் சிகிச்சை உண்டு. திரும்பாவிட்டால், பயந்தே கழித்த நாள்கள் வீண்."

அவள் சற்று யோசித்தாள். "அப்போ இன்னைக்கு அம்மா நல்லா இருக்காங்கதானே சார்?" என்றாள்.

ஆம், இன்று நன்றாக இருக்கிறார். அந்தப் பதிலை மட்டும் நாம் தயங்காமல் சொன்னோம். நிச்சயமற்ற நாளையை வைத்துக்கொண்டு, நிச்சயமான இன்றை இழந்து விடாதிருப்போமாக.