பிழை எந்த வழியாக வந்தது?

பெர்ல் மொழியில் எழுதிய சோதனை ஸ்கிரிப்ட் ஒன்று, பூஜ்யத்தால் வகுத்ததாகச் சொல்லி, ஒரு வரி எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த வரியில் தவறே இல்லை. பூஜ்யத்தை அனுப்பியது வேறொரு ஃபங்ஷன். எது அது?

அந்த விவரம் கணினியிடம் இருந்தது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போதெல்லாம், எந்த வரிக்குத் திரும்ப வேண்டும் என்ற குறிப்பு ஸ்டாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. அதை மேலிருந்து கீழாகப் படித்தால் ஸ்டாக் டிரேஸ். ஆனால் பிழை எழுந்ததும் பெர்ல் அந்த அடுக்கைக் கலைத்துக்கொண்டே, பிழையைப் பிடிக்கும் 'இவால்' வரை இறங்கிவிடுகிறது. அங்கே போய்த் தேடினால் எதுவும் மிஞ்சியிருக்காது.

ஆகவே கலைவதற்கு முன்பே படியெடுக்க வேண்டும். பிழை எழும் கணத்தில் நம் ஃபங்ஷன் ஒன்றை இயக்க பெர்ல் இடம் தருகிறது. 'கார்ப்::ஆல்வேஸ்' மாட்யூல் அங்கேதான் நுழைந்து, அழைப்புச் சங்கிலி முழுவதையும் ஆர்கியூமென்ட்களோடு அச்சிடுகிறது. (கடவுச்சொல் இருந்தால் அதுவும் பதிவாகிவிடும், கவனம்.) நிரலைத் திருத்த வேண்டாம், இந்த மாட்யூலை 'பெர்ல்5ஆப்ட்' என்ற சூழல் மாறியில் சேர்த்தாலே போதும்.

பைத்தான் மொழியோ, அடுக்கு கலையக் கலைய, அழைப்புகளின் தடத்தைப் பிழையோடு தானே சேர்த்துக்கொள்கிறது. 2022இல் வந்த 3.11 பதிப்பு, வரிக்குள் தவறிய பகுதியையும் சுட்டுகிறது. எந்த மொழியானாலும், பிழைச் செய்தியை மட்டும் அச்சிட்டுவிட்டுத் தடத்தை விழுங்கும் சோதனைகளை எழுதாதீர்கள்.