அம்மா வைத்த வெள்ளைப் பூ

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஓடையோரம், சாக்கடையோரம் எல்லாம் வெள்ளை வெளேரென்று புனல் மாதிரி ஒரு பூ நிற்கும். காலா லில்லி என்பார்கள். தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி. அம்மா வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் இது ஒரு புதராகவே இருந்தது. அம்மா வைத்தது.

அம்மா தவறிய மறு வருஷம் வீட்டை விற்றாயிற்று. மிச்ச சாமான் எடுக்கப் போனால், வாங்கியவர்கள் கொல்லை முழுக்கத் தோண்டி மண்ணை அள்ளியிருந்தார்கள். சாய்ந்து கிடந்த ஒரு தண்டில் மட்டும் மஞ்சளாகப் பழக்கொத்து. முந்தானையில் முடிந்து கொண்டு வந்து விட்டேன்.

"ரோட்டோரத்துல காடாக் கிடக்கு. ஒரு கிழங்கைப் பிடுங்கி வச்சா சீக்கிரமே பூத்துடும். விதை போட்டு எந்தக் காலத்துல பூக்கறது?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அது அம்மா வைத்த செடி ஆகுமா, சொல்லுங்கள்?

பழம் நன்றாகக் கனிந்து மெத்தென்று இருக்க வேண்டும். பிசைந்து சதையை நீக்கி, விதையைக் கழுவி, ஒரு ராத்திரி ஊற வைத்தேன். இது சேம்பு இனம். சேப்பங்கிழங்கு போலவே கை அரிக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கொள்ளுங்கள். அடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்து, அரை அங்குல ஆழத்தில் 20 விதை போட்டேன். ஈரம் காயாமல் நிழலில் வைத்தேன். 45 நாள் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு 11 முளைத்தன.

முதல் வருஷம் விரலகல இலை மட்டும்தான். இரண்டாம் வருஷம் தொட்டிக்கு மாற்றினேன். அப்போதுதான் ஒரு தப்பு செய்தேன். தொட்டியைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து விட்டேன். என் 4 வயசுப் பையன் இலையைக் கடித்து, வாயெல்லாம் எரிந்து துடித்து விட்டான். வாயைக் கழுவி டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓடினோம். சாயந்திரம் சரியாயிற்று. ஆனாலும் இன்று நினைத்தாலும் எனக்குப் பகீரென்கிறது. குழந்தை, ஆடு மாடு, நாய் இருக்கிற வீட்டில் இதை எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் ஒரே ஒரு மொட்டு வந்தது. பூ என்று நாம் சொல்லும் வெள்ளை உண்மையில் தாழம்பூ போல ஒரு மடல்தான். நடுவிலுள்ள மஞ்சள் தண்டில் பொடிப்பொடியாக இருப்பதே நிஜப் பூக்கள். விரிந்த அன்று காலையில், சிரித்த அதே மனுஷர்தான் பறித்து வந்து, "அத்தை படத்துக்கு வை" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

குளிர்ச்சியான ஊரில் இருக்கிற சகோதரிகள் பொறுமையாகச் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக் கொள்கிறேன். மிஞ்சிய நாற்றையோ பழத்தையோ ஓடைப்பக்கம் எறியாதீர்கள். ஈர நிலத்தில் பரவி, நம் மலைச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்து விடும். என்னுடையவை தொட்டியிலேயே இருக்கின்றன.

— ஒரு வாசகி, கோத்தகிரி.