பட்டாசு லாரியும் பழுது நோட்டும்

தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போதே, சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலுள்ள பட்டாசுக் கிடங்குகளிலிருந்து தார்ப்பாய் போர்த்திய லாரிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, விருதுநகரருகே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாகபுரி என்று வடக்கு நோக்கிப் பிரயாணப்படுவதைப் பார்க்கிறவர்கள், அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் மருந்தை நினைத்து அஞ்சுவார்களே தவிர, அவற்றைச் சுமந்து செல்லும் வண்டியின் பிரேக்கையும் டயரையும் ஒயரையும் பற்றி நினைப்பது அபூர்வம்.

உண்மையில் அபாயம் பெரும்பாலும் கீழேயிருந்துதான் புறப்படுகிறது. மிதித்த பிரேக் முழுதும் விடாமல் லைனர் டிரம்மைப் பிடித்துக்கொண்டே ஓடினால், சில மைல்களுக்குள் டிரம் கொதித்து அந்தச் சூடு டயருக்கு ஏறும்; பின் சக்கரத்து இரட்டை டயர்களில் உள்டயர் காற்றிறங்கிப் போனால், வெளிடயர் பாரத்தைத் தாங்க, இரண்டும் உராய்ந்து புகையத் தொடங்கும்; பாடிக்கு அடியில் தோல் உரிந்து தொங்கும் ஒயர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். பருத்தியோ மிளகாயோ ஏற்றிய லாரியானால் கிளீனர் குதித்திறங்கி மண்ணை வாரிப் போடச் சற்று அவகாசம் கிடைக்கும். பட்டாசு ஏற்றிய லாரிக்கு அந்த அவகாசம் கிடையாது. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில், கிடங்கிலிருந்து வண்டியில் பட்டாசு ஏற்றிக்கொண்டிருந்தபோது பற்றிய தீயின் புகை, பக்கத்திலிருந்த ஸ்கேன் நிலையத்துக்குள் புகுந்து எட்டுப் பேரின் உயிரைக் குடித்தது. அது வண்டிப் பழுதால் நேர்ந்தது என்று சொல்ல வரவில்லை. நிற்கிற வண்டியருகே பற்றிய தீயே இவ்வளவு செய்யுமானால், ஊர் நடுவே ஓடுகிற வண்டி எவ்வளவு செய்யும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

இதற்குச் சர்க்கார் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, தகுதிச் சான்று இல்லாத சரக்கு வாகனம் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. லாரிக்காரர்கள் ‘எஃப்.சி.’ என்று சொல்லும் இச்சான்று, புது வண்டிக்கு இரண்டாண்டு, எட்டு வயது வரை இரண்டிரண்டு ஆண்டு, அதற்கு மேல் ஆண்டுக்கொருமுறை என்ற கணக்கில் பெற வேண்டியது. முகப்பு விளக்கு, பிரதிபலிப்பான், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகள் அட்டவணை போட்டுச் சொல்கின்றன. சோதிக்கும் அதிகாரியின் சர்க்கார் பதவிப் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர்; ஜனங்கள் வைத்த பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. எஃப்.சி. நெருங்கிவிட்டால், பட்டறையில் டிங்கரிங் என்ன, பெயிண்டு என்ன, புது ஒளிர்பட்டை என்ன என்று, பெண் பார்க்க வருகிற நாளில் வீடு மினுங்குவதைப்போல வண்டி மினுங்கும். சோதனை முடிந்த மறுவாரம் லைனர் தேயத் தொடங்கினால் அதை யார் கேட்பது?

பட்டாசு போன்ற அபாயகரமான சரக்குக்குத் தனி நிபந்தனைகளும் உண்டு: புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பான், வண்டியின் மேல் அபாயச் சின்னமும் அவசரகாலத் தகவல் பலகையும், விபத்தில் செய்ய வேண்டியவற்றை விவரிக்கும் ‘டிரெம் கார்டு’ ஓட்டுநர் அறையில், முதலுதவிப் பொருளும் பாதுகாப்புச் சாதனங்களும் உரிமையாளர் பொறுப்பில், விசேஷப் பயிற்சி பெற்ற ஓட்டுநர். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் நேற்றிரவு ஓடி வந்த வண்டியில் இன்று காலை என்ன பழுது இருக்கிறது என்பதை எழுதி வைக்கச் சொல்லும் நிபந்தனை இவற்றுள் இல்லை.

அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே வர்த்தக லாரி ஓட்டுபவர் நாள் வேலை முடிந்ததும் பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், சக்கரம், கண்ணாடி முதலானவற்றைப் பார்த்து, பழுது கண்டால் எழுத்து மூலமாக அறிக்கை கொடுக்க வேண்டும். பத்திரமாக ஓட்டுவதற்கு இடையூறான பழுதை வண்டி மறுபடி புறப்படுமுன் கம்பெனி சரிசெய்து, ‘சரிசெய்யப்பட்டது’ என்றோ ‘தேவையில்லை’ என்றோ அதே தாளில் உறுதியளிக்க வேண்டும். அடுத்து ஓட்டுகிறவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மூன்று மாதம் அந்தத் தாள் கோப்பில் இருக்க வேண்டும். பழுதே இல்லாத நாளிலும் எழுதுவது வீண் வேலை என்று 2014 டிசம்பரில் லாரிகளுக்கு அதை மட்டும் தள்ளுபடி செய்தார்கள். பழுது கண்ட நாளுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை.

நம் பக்கத்தில் இந்தச் சம்பாஷணை வாயோடு முடிந்துவிடுகிறது. “அண்ணாச்சி, இடது பின்பக்கம் பிரேக் இழுக்குது” என்பார் ஓட்டுநர். “இந்த லோடை இறக்கிட்டு வாப்பா, பாத்துக்கிடலாம்” என்பார் உரிமையாளர். சீசன் லோடு காத்திருக்காது, தவணை காத்திருக்காது என்ற அவருடைய நெருக்கடியும் பொய்யல்ல. இறக்க வேண்டிய ஊர் டில்லியானால், இழுக்கிற அந்தப் பிரேக்கோடு வண்டி 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வழியில் ஏதாவது நேர்ந்துவிட்டால், சொன்னேன் என்பதற்கு ஓட்டுநரிடமும், பார்த்தேன் என்பதற்கு உரிமையாளரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இராது. ஆயுத பூஜையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறப்பவர் யாருமில்லை. அதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை, அந்தச் சாக்கிலாவது ஒருவர் குனிந்து டயரைப் பார்க்கிறாரே.

சட்டம் இதில் முற்றிலும் மௌனமாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, தெரிந்த பழுதோடு ஓட்டுவதை மட்டுமல்ல, சாதாரண ஜாக்கிரதை இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதோடு ஓட்டுவதையும், ஓட்ட அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. 1977-இல் ஒரு லாரி விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், யந்திரக் கோளாறே காரணம் என்று வாதிக்கும் உரிமையாளர், அது உள்ளே மறைந்து கிடந்த கோளாறு என்பதையும், நியாயமான சிரத்தையால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதையும் தாமே நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே தேதி போட்டு எழுதிய பழுது நோட்டும் பட்டறைப் பில்லும் ஓட்டுநருக்குச் செய்யும் உபகாரமன்று, உரிமையாளரின் கைக்காவல்.

ஒரு பக்கத்தில் ஓட்டுநர் கண்ட பழுது, எதிர்ப்பக்கத்தில் மெக்கானிக் செய்த வேலை, கீழே இருவர் கையெழுத்தோடு உரிமையாளர் கையெழுத்து, இவ்வளவுதான் வேண்டியது. நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அச்சிட்டு அனுப்புகிற சிவகாசிக்கு இது பெரிய காரியமல்ல. லாரி உரிமையாளர்களும் பட்டாசு உற்பத்தியாளர்களும் அடுத்த சீசன் லோடு ஏறுவதற்கு முன் இந்த நோட்டை அச்சிட்டு வண்டிக்கொன்றாகக் கொடுத்து, அது நிரப்பப்படாத வண்டியில் பெட்டி ஏற்ற மாட்டோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.