ஒரே பொறி, இரு ஓட்டம்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் காணி எல்லைகளைத் தழுவிச் செல்பவை. வேலி மடியுமிடத்தில் வழியும் மடியும். அத்தகைய முடக்கு ஒன்றிலே பழைய மொறிஸ் மைனர் திரும்புவதை அருகில் நின்று பார்த்தவர்கள் அதன் ஓட்டுநரின் கைகளைக் கவனித்திருப்பார்கள். முதியவரான அவர் முடக்குக்கு முன்னரே கதியைக் குறைத்துப் பல்லிணையைக் கீழிறக்குகிறார். ஒருமுறை ஒலியெழுப்புகிறார். சுக்கானை இறுகப் பற்றாமல் விரல்களுக்குள் ஓடவிட்டுத் திருப்புகிறார். முடக்கைக் கடந்ததும் பிடியை நெகிழ்க்க, சுக்கான் தானாகவே சுழன்று நடுநிலைக்கு மீள்கிறது. அந்த நெகிழ்ந்த விரல்களுக்குள் பௌதிகவியல் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது.

மகிழுந்து ஓட்டுவதில் ஈடுபாடு கொண்டோரிடையே நெடுநாளாக நிலவும் கேள்வி ஒன்றுண்டு. குடும்பத்தோடு செல்வதற்கான சிறிய பின்கதவு மகிழுந்தில் வலுமிக்க பொறியைப் பூட்டி உருவாக்கும் வகையை ‘ஹொட் ஹட்ச்’ என்பர். ஓட்டும் இன்பத்தையே நோக்கமாகக் கொண்டு, பெரும்பாலும் இருவர் மட்டும் அமருமாறு தாழ அமைப்பது விளையாட்டு மகிழுந்து. இரண்டும் விரைந்தோடும். ஆயினும், கண்ணைக் கட்டி அமர்த்தினாலும் பழகிய உடல் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்துவிடும். அந்த வேறுபாடு எங்கிருந்து பிறக்கிறது?

விடை காண நல்லதொரு பரிசோதனை வேண்டும். ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்திருத்தல் பரிசோதனையின் முதல் விதி. வியப்பூட்டும் வகையில், வரலாறே அப்பரிசோதனையை நிகழ்த்திக் காட்டியிருக்கிறது. ஒஸ்ரின் நிறுவனம் 1951இல் ‘ஏ-வரிசை’ என்னும் நான்கு உருளைப் பொறியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கூட்டுத்தாபனமாக இணைந்தன. 1956இல் மொறிஸ் மைனர் 1000 இப்பொறியின் 948 கன சென்ரிமீற்றர் வடிவத்தைப் பெற்றது. அதன் வலு 37 பரிவலு. 1958இல் அதே 948 கன சென்ரிமீற்றர் பொறி, இரண்டு காபரேற்றர்களுடன் 43 பரிவலுவாக உயர்த்தப்பட்டு, ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் இருவர் அமரும் திறந்த விளையாட்டு மகிழுந்தில் ஏறியது. 1959 ஓகஸ்ற்றில் அதே குடும்பத்துப் பொறி, 848 கன சென்ரிமீற்றர் அளவில், குறுக்காகத் திருப்பி வைக்கப்பட்டு முன்சில்லுகளை இயக்கத் தொடங்கியது. அதுவே மினி. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசே மினியையும் வடிவமைத்தார்.

1961இல் மினி கூப்பர் 997 கன சென்ரிமீற்றர் பொறியுடன் 55 பரிவலு பெற்றது. அதன் வழித்தோன்றலான கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டப்போட்டியை வென்றது. மினிக்குப் பின்கதவு இல்லை. ஆயினும் ஹொட் ஹட்ச் வகையின் முன்னோர் அதுவே. அந்த மரபு 1976இல் 110 பரிவலுக் கோல்ஃப் ஜி.ரி.ஐ.யில் முழுவடிவம் பெற்றது. ஸ்பிறைற்றின் மரபு 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 வரை நீள்கிறது. மினிக்கும் ஸ்பிறைற்றுக்கும் முன் பின் அச்சுகளுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ ஒன்றே: 2.03 மீற்றர். பொறிக்குடும்பமொன்று, அச்சிடைத் தூரமொன்று, பொறியின் திசையும் அது இயக்கும் சில்லுகளும் வேறு.

இவ்வொப்பீட்டில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. பாதைகள் மூடப்பட்டுப் புதிய வண்டிகளின் வரவு அருகியிருந்த போர்க்காலத்தில் மைனர்களும் ஒஸ்ரின்களுமே குடாநாட்டின் சுமையைச் சுமந்தன. 1990களின் பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலால் பொறியை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் உருளைக்குள் அமுக்கப்படும்போது ஒழுங்கின்றித் தானே பற்றி இடிக்கும். அந்த இடிப்பொலி கேட்ட கணமே ஓட்டுநரின் கால் தளர வேண்டும். மானிகள் சொல்லாதவற்றைச் செவியாலும் கையாலும் அறிந்த தலைமுறை அது. அவர்கள் ஓட்டிய மைனர், ஸ்பிறைற்றைப் போலவே முன்னே பொறியும் பின்னே இயக்கமும் கொண்டது. மைனரின் சுக்கான் பற்சட்ட அமைப்பையே ஸ்பிறைற்றும் எடுத்துக்கொண்டது. இன்று அதே முற்றங்களில் நிற்கும் சிறுமகிழுந்துகளில் மிகப்பல மினியின் வழிவந்த முன்சில்லு இயக்கம் உடையவை. ஆகவே உலகம் வாதிடும் இரு மரபுகளும் நம் ஒழுங்கைகளில் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனிக் காரணங்களுக்கு வருவோம். வண்டி நிலத்தைத் தொடுவது நான்கு சிறு பரப்புகளில் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு. உலர்ந்த தார் வீதியில் நல்ல ரயர், தான் சுமக்கும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 8 நியூற்றன் உராய்வு விசையைத் தரும் எனக் கொள்வோம். 20 மீற்றர் ஆரையுள்ள முடக்கில் மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் திரும்பினால், திரும்புவதற்கே கிலோகிராமுக்கு 5 நியூற்றன் செலவாகும். பக்கவிசையும் முன்விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை, ஆதலால் அவற்றின் வர்க்கங்களின் கூட்டே 8இன் வர்க்கத்தை மீறலாகாது. எனவே முன்னே இழுக்க எஞ்சுவது ஏறத்தாழ 6 நியூற்றன். கதியை மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீற்றராக, அதாவது செக்கனுக்கு 12 மீற்றராக உயர்த்துங்கள். திரும்புதலுக்கு 7.2 நியூற்றன் போய்விடும், எஞ்சுவது 3.5 மட்டுமே. ஏழு கிலோமீற்றர் உயர்ந்ததற்கு இருப்பில் ஏறத்தாழப் பாதி கரைந்துவிட்டது. கதியின் வர்க்கத்தோடு செலவு வளர்வதே காரணம்.

ஹொட் ஹட்ச் வண்டியில் இந்தச் சிறு இருப்பிலிருந்தே திரும்புதலும் இழுத்தலும் ஒருசேரப் பெறப்படுகின்றன. முன்சில்லுகளே வழிகாட்டிகள், அவையே காளைகள். முடக்கின் நடுவில் மிகையாக முடுக்கினால் முன்பக்கம் வெளிநோக்கி அகலும். காலைத் தளர்த்தினால் சுமை முன்னே சாய்ந்து, மூக்கு உள்நோக்கி மடியும். இவ்வண்டியைச் செலுத்தத் தெரிந்தவர் காலாலும் திருப்புகிறார். விளையாட்டு மகிழுந்தில் இப்பணிகள் பிரிந்திருக்கின்றன. முன்சில்லு வழிகாட்ட, பின்சில்லு தள்ளுகிறது. ஓட்டுநர் இரண்டு உரையாடல்களைத் தனித்தனியே கேட்கிறார்: கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

சுமை இடம்பெயர்வதை விளங்கிக்கொள்ள நம் தோட்டக் கிணற்றடித் துலாவை நினைக்கலாம். துலாவில் ஏறி நடப்பவர் ஓரடி முன்னே வைத்தால் ஒருமுனை தாழும், மறுமுனை எழும். மகிழுந்து ஆர்முடுகும்போது சுமை பின்னே நகர்கிறது. பின்சில்லு இயக்கமுள்ள வண்டியில் தள்ளும் சில்லுகளே அச்சுமையைப் பெற்று மேலும் உறுதியாய் நிலத்தைப் பற்றுகின்றன. முன்சில்லு இயக்கத்திலோ, இழுக்கவேண்டிய வேளையில் இழுக்கும் சில்லுகள் இலேசாகின்றன. வலு கூடக்கூட இக்குறை வெளித்தெரியும். முன்சில்லு அச்சுத்தண்டுகள் சமமற்று முறுகினால், சுக்கானே கையை ஒருபுறம் இழுக்கும்.

அடுத்தது சடத்துவத் திருப்பம், அதாவது ஒரு பொருள் தன் சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு. காத்தடியின் இருமுனையிலும் நீர்க்குடம் தொங்க, அதைத் தோளில் வைத்துச் சட்டெனத் திரும்பிப் பாருங்கள். தொடங்கவும் தாமதம், நிறுத்தவும் தாமதம். அதே குடங்களைத் தோளருகே நகர்த்தினால் உடலோடு ஒட்டித் திரும்பும். திணிவு கூடவில்லை, குறையவில்லை, இருக்குமிடம் மாறியது. விளையாட்டு மகிழுந்தை வகுப்போர் பொறியை முன்னச்சுக்குப் பின்னே தள்ளி நடுவை நோக்கிக் கொணர்வது இதனாலேயே. எம்.எக்ஸ்-5இல் திணிவு முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டுள்ளது. முன்சில்லு இயக்க வண்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னச்சின்மேல் அமரும்.

ஆயினும் அந்த முன்சுமையை முழுக்கக் குறையென்று ஒதுக்குதல் நேர்மையன்று. பனி படர்ந்த மொன்ரே கார்லோ மலைவழிகளில் மினிக்குக் கைகொடுத்தது அதுவே. இழுக்கும் சில்லுகளின் மேல் பொறியின் நிறை அமர்ந்து அவற்றை நிலத்தோடு அழுத்திப் பிடித்தது. மாரியில் வலிகாமத்துச் செம்மண் கரைந்து தாரின்மேல் படியும் நாள்களில், முன்னிருந்து இழுக்கும் வண்டி தருகிற அமைதியை நம் ஓட்டுநர்கள் அறிவார்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும், சந்தைச் சாமான் சுமக்கவும், பின்பு தனிமையில் ஒரு முடக்கை மகிழ்ந்து கடக்கவும் ஒரே வண்டி போதும் என்பது ஹொட் ஹட்ச் வகையின் பெருமை.

எஞ்சியிருப்பது கைக்கு வரும் செய்தி. திரும்பும் சில்லின் ரயர் நிலத்தைத் தொடுமிடத்தில் சற்றே முறுகுகிறது. அதனால் எழும் பக்கவிசை சில்லின் நடுவுக்குச் சிறிது பின்னே தாக்கி, சில்லை நேராக்க முயல்கிறது. அம்முறுக்கமே பற்சட்டம் வழியாகச் சுக்கானில் ஏறி உள்ளங்கையைத் தொடுகிறது. முடக்கைக் கடந்ததும் சுக்கானை நடுநிலைக்கு மீட்பதில் பெரும்பங்கு அதற்கே. உராய்வின் எல்லை நெருங்கும்போது அந்தப் பின்தூரம் சுருங்குகிறது. சில்லு வழுக்குமுன்னரே சுக்கான் இலேசாகிறது. இது நிலம் அனுப்பும் முன்னறிவித்தல். இயக்கவிசை கலவாத முன்சில்லு அதைத் தெளிவாகச் சொல்லும். இழுக்கும் முன்சில்லு தன் முறுக்கத்தையும் கலந்து சொல்லும். இக்கால மின்துணைச் சுக்கான்கள் களைப்பைப் போக்குகின்றன. அவற்றுள் பல அச்செய்தியின் மெல்லொலியையும் அடக்கிவிடுகின்றன. எத்துணைவிசையும் இல்லாத மைனரில் அது குறையாமல் வந்துசேரும்.

ஸ்பிறைற் போன்ற வண்டியில் ஓட்டுநர் பின்னச்சுக்குச் சற்று முன்னே, நிலத்தை ஒட்டி அமர்கிறார். பின்பக்கம் விரலளவு விலகினாலும் இடுப்பு உணரும். உட்செவியின் அரைவட்டக் கால்வாய்கள் வண்டியின் சுழற்சியை உடனே அறியும். இப்படியாக, ஓட்ட உணர்வு என்று நாம் சொல்வது விசைகளின் ஒழுங்கு உடலில் எழுதும் எழுத்தே. பரிவலு அந்த எழுத்தைப் பெரிதாக்கலாம், எழுதுவது அமைப்பு. ஆகவேதான் 43 பரிவலு மட்டுமே கொண்ட ஸ்பிறைற்றை இன்றும் மக்கள் பேணிக் காக்கிறார்கள்.

மைனர் மெதுவானது, முடக்கில் சாய்வது, அதை எவரும் விளையாட்டு மகிழுந்து என்று அழைத்ததில்லை. ஆனாலும் விளையாட்டு மகிழுந்தின் இலக்கணத்தை நம் குடாநாடு அதன் சுக்கானிலேயே படித்தது. பள்ளிப் பிள்ளைகள் துவிச்சக்கரவண்டியில் எதிர்ப்படும் ஒழுங்கையில் அந்தப் படிப்பு உயிர் காப்பதும் ஆகும். முடக்கில் நாம் பார்த்த முதியவரின் விரல்கள் ஏன் நெகிழ்ந்திருந்தன என்பது இப்போது விளங்கும். சுக்கான் இலேசாகும் அந்தக் கணத்தை இறுகிய கை அறியாது.