பாட்டுப் பாடி, கும்மி கொட்டி… எடை குறைக்கலாம் வாங்க!

திருப்பூரில் காலை எட்டரை மணிக்கு ஓட ஆரம்பிக்கும் பனியன் கம்பெனி மெஷின்கள், ஆர்டர் நெருக்கடி என்றால் இரவு எட்டரை வரை ஓடும். ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்பது இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷினில் உட்காரும் டெய்லருக்குக் கை பறக்கும், பாதம் பெடலை மிதிக்கும், கண் தையலை விட்டு நகராது. ஆனால், இடுப்புக்கும் தொடைக்கும் வேலையே இருக்காது. நடுவில் வரும் டீ டைமில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே சூடாக ஒரு போண்டா. வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தால் நேராகப் படுக்கைதான்.

இப்படி ஓடும் வாழ்க்கையில் ‘வெயிட் ஏறிடுச்சு, தினமும் வாக்கிங் போங்க’ என்று டாக்டர் சொன்னால், முதல் வாரம் உற்சாகமாக நடப்பார்கள். இரண்டாவது வாரம் மழை வரும், மூன்றாவது வாரம் ஷிப்மென்ட் வரும், நான்காவது வாரம் வாக்கிங் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை. நாளெல்லாம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடம்பிடம், சாயங்காலமும் அதே மாதிரி சலிப்பான ஒன்றைக் கொடுத்தால் அது எத்தனை நாள் கேட்கும்?

இதற்கு அருமையான ஒரு பதில் கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. அதுதான் வள்ளி கும்மி!

கோயில் வாசலில் ஒரு வட்டம்

வள்ளி முருகனைக் கரம்பிடித்த கதையைப் பாட்டாகப் பாட, அதற்கேற்பக் கை கொட்டி, காலடி மாற்றி, குனிந்து நிமிர்ந்து, சுழன்று ஆடுவது வள்ளி கும்மி. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் சமீப ஆண்டுகளில் இது மறுபடியும் பரவியிருக்கிறது. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கத்து ஊர்களில் வேலை முடிந்த சாயங்காலங்களில் பயிற்சி நடக்கும். ஆசிரியர் பாட, சின்னப் பிள்ளைகள் முதல் பாட்டிகள் வரை அடவு பழகுவார்கள். பழகி முடித்ததும் ஒரே நிறப் புடவையில், காலில் சலங்கையோடு அரங்கேற்றம்!

ஒரு காலத்தில் இது பெரும்பாலும் ஆண்கள் ஆடிய ஆட்டம். அதில் பெண்களுக்கும் இடம் கொடுத்துக் கற்றுத்தந்தவர்களில் முக்கியமானவர் மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87. 

கும்மிக்கு வருகிறவர்கள் எடை குறைக்க வருவதில்லை. சாமிக்காகவும் சந்தோஷத்துக்காகவும் வருகிறார்கள். ஆனால், ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். உடற்பயிற்சி என்ற பேச்சே இல்லாமல் உடற்பயிற்சி நடந்துவிடுகிறது. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பயமுறுத்தும் கணக்கு

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ன்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோ, உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 சதவிகிதம். ஆண்களிலும் 28.2-லிருந்து 37 சதவிகிதமாக ஏறிவிட்டது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 39.5 சதவிகிதம் பேருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம் என்கிறது. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாசல் திறந்துவிடுவது இந்தத் தொப்பைதான். மாதச் சம்பளத்தையோ பீஸ் ரேட்டையோ நம்பி ஓடும் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால் மாத்திரைச் செலவு ஒருபுறம், போன சம்பளம் மறுபுறம் என இரட்டை அடி விழும்.

ஆட்டம் என்ன செய்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்குக்கு மேல் நாட்டுப்புற ஆட்டங்களில் செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் ஆடினால் சுமார் 250 கலோரி கரையும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் கும்மி அடித்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

2024 ஜனவரியில் ‘பிளாஸ் ஒன்’ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. அதிக எடையுள்ள 646 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நடனம் ஆடியவர்களுக்கு எடை, இடுப்புச் சுற்றளவு, கொழுப்பின் அளவு எல்லாமே குறைந்திருந்தன. அதில் இன்னொரு சுவாரஸ்யம், மரபான நடனங்களைவிட, புதிதாகக் கற்பனை செய்து ஆடும் நடனங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

அப்படியென்றால் கும்மி உதவாதா? உதவும், நம் கற்பனையையும் அதில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. கும்மி எப்போதுமே புதுச் சரக்கை ஏற்றுக்கொண்ட வடிவம்தான். பெண் விடுதலையைச் சொல்ல பாரதியார் தேர்ந்தெடுத்ததும் கும்மியைத்தானே!

உங்கள் பாட்டு, உங்கள் அடவு

ஊரில் கும்மிக் குழு இல்லையா? லைன் வீட்டு வாசலோ, மொட்டை மாடியோ போதும். நான்கைந்து பேர் சேருங்கள்.

● ஆளுக்கு ஓர் அடவு உருவாக்குங்கள். துணி விரிப்பது, கட்டிங் போடுவது, பீஸ் மடிப்பது, பெட்டி கட்டுவது என்று அன்றாட வேலை அசைவுகளையே பெரிதாக்கினால் அதுவே ஆட்டம். 

● தெரிந்த மெட்டில் நான்கு வரி சொந்தமாகக் கட்டுங்கள். மாமியாரைப் பற்றியோ, சூப்பர்வைசரைப் பற்றியோ கிண்டலாக இருந்தாலும் சரி. அடுத்த வரி என்ன என்ற ஆவலே மறுநாள் வரவைக்கும்.

● மெதுவான தாளத்தில் தொடங்கி, பிறகு வேகம் கூட்டி, கடைசி ஐந்து நிமிடம் மறுபடி மெதுவாக்குங்கள். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம்.

● கம்பெனியில் மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவார்களே, அதுபோல வீட்டுக் காலண்டரில் அன்று ஆடிய நிமிடங்களை எழுதுங்கள். 

● ஒரு தேதி குறியுங்கள். பொங்கலோ, ஊர் நோம்பியோ, அன்றைக்கு அரங்கேற்றம்! மேடை ஏற ஆசைப்படும் மனசு, பயிற்சிக்கு மட்டம் போடாது.

தட்டிலும் கைவண்ணம்

ஆடிவிட்டு வந்து மூன்று போண்டாவும் ஒரு டீயும் உள்ளே போனால் ஆடியதெல்லாம் ஏறக்குறைய ஈடாகிவிடும். அதனால், சமையலறையிலும் கற்பனை வேண்டும். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நாளைக்கு நாலு டீ என்றால், டீயிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்கிறது. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் நாக்கு சீக்கிரம் பழகிவிடும்.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியில் மந்திரம் எதுவும் இல்லை. கொள்ளிலும் தட்டைப்பயறிலும் இருக்கும் புரதமும் நார்ச்சத்தும் வயிற்றைச் சீக்கிரம் நிறைத்து, பசியைத் தள்ளிப்போடும். டீ டைமுக்கு ஒரு டப்பா தட்டைப்பயறு சுண்டல் கொண்டு போங்கள். அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசியைக் கொஞ்சம் குறைத்து, பருப்பைக் கூட்டி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேருங்கள். ருசியும் குறையாது.

இன்ச் டேப் இருக்க, எடை மெஷின் எதற்கு?

திருப்பூரில் இன்ச் டேப் இல்லாத வீடு அபூர்வம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபடி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது சுமார் முப்பத்தொன்றரை இன்ச். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், சுமார் முப்பத்தைந்தரை இன்ச். இதைத் தாண்டினால் கவனம் தேவை. மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

எடை இறங்கவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவிகிதம் குறைத்தன. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை! எடையும் குறைந்தால் கூடுதல் லாபம். 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரிய ஆரம்பிக்கும்.

ஆடும் முன் ஒரு நிமிடம்

முழங்கால் வலி உள்ளவர்கள் குதிப்பதையும் ஆழமாகக் குனிவதையும் தவிர்த்து, நின்ற இடத்தில் அடி வைத்துக் கை கொட்டினால் போதும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சாப்பிட்ட உடனே ஆடாதீர்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது.

தினமும் ஒரு மணி நேரம் கிடைக்காதா? ஞாயிறு முழுசாக, மற்ற நாளில் பத்துப் பத்து நிமிடமாக ஆடுங்கள். ஊருக்கே உடை தைத்துக் கொடுக்கும் கைகள், சாயங்காலம் கொஞ்ச நேரம் தங்களுக்காகவும் கொட்டட்டும்!